வலது பக்கம் உட்கார ஓர் ஆள்

பாளையங்கோட்டை
5.11.1997

அன்புள்ள விஜிக்கு,

கார் வந்துட்டு.

வேற எதைச் சொல்லி ஆரம்பிக்க? தூத்துக்குடி ஹார்பர்ல ஒரு மாசமாக் கெடந்தது. நேத்து மத்தியானம்தான் கஸ்டம்ஸ்காரன் வெளிய விட்டான். இசக்கியப்பனையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். அவன் இன்சூரன்ஸ் சோலி எல்லாம் விட்டுட்டு வந்தான். கண்டெய்னர் பெட்டியத் தொறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "என்ன வே, தவக்களை மாதிரி இருக்கு? இதுக்கா பஹ்ரைன்ல வருசக் கணக்கா வெயில்ல கெடந்தீரு?"

எஞ்சினப் பாக்கணும்னு முன்பக்க மூடியத் தூக்கினான். அங்கன டிக்கிதான் இருக்கு. எஞ்சின் பின்னாலன்னு சொன்னேன். "அப்போ திரும்பி உக்காந்தா ஓட்டணும்?"ங்கான்.

ஸ்டார்ட் பண்ணினதும் பாக்கணும் விஜி. மூட்டை தூக்குதவன்ல இருந்து ஆபீசர் வரைக்கும் எல்லாவனும் திரும்பிப் பாத்தான். முந்நூறு குதிரை சக்தி. ஜெர்மன்காரன் செஞ்சது. உங்க அப்பா வச்சிருந்த ஃபியட்டு மாதிரி ஏழெட்ட ஒண்ணாச் சேத்துக் கட்டினாத்தான் இதுக்குச் சமம். அந்த இங்கிலீஷ்கார எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது எனக்குன்னே கொறஞ்ச வெலைக்குக் குடுத்துட்டுப் போனான். அங்க கடல் பாலத்துல இதை நான் ஓட்டினதப் பத்தி உனக்கு எத்தனை லெட்டர்ல எழுதியிருக்கேன்!

தூத்துக்குடியில இருந்து வெரசா வந்துட்டேனான்னு கேப்ப. மழை. வல்லநாட்டுக் கிட்ட ரோடு பூரா பள்ளம். ஒரு பள்ளத்துல தண்ணி நின்னா ஆழம் எவ்வளவுன்னு இசக்கியப்பன் எறங்கிக் கால விட்டுப் பாத்துட்டுச் சொல்லுவான். அதை விடு. புது வண்டி, பைய வந்தோம்.

ஒரு விசயம்தான். இதுல ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால லாரி போச்சுன்னா எனக்கு லாரியோட முதுகு மட்டும்தான் தெரியுது. எதிர்ல என்ன வருதுன்னு வலது பக்கம் உக்காந்திருக்கவங்கதான் எட்டிப் பாத்துச் சொல்லணும். அது நீ உக்கார வேண்டிய எடம். இப்ப இசக்கியப்பன் உக்காந்திருக்கான்.

நீ நாக்பூர் போனதப் பத்தி இதுல எழுதக் கூடாதுன்னு நெனச்சேன். எழுதல. ஆனா ஒண்ணு. கல்யாணம் ஆகி ஆறு வருசம் நான் அங்கன, நீ இங்கன. எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்து எறங்குதேன், வீட்டுச் சாவிய அத்தை கையில குடுத்துட்டு நீ பிரமோஷன்னு போயிட்ட. போன்ல பேசினா ரெண்டு பேருக்கும் சண்டைதான் வருது. அதான் பழைய மாதிரி லெட்டரு.

உன்
குமரகுருபரன்


நாக்பூர்
16.11.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாகக் கார் வந்து சேர்ந்ததில் எனக்கும் சந்தோஷம். நிஜமாகத்தான் சொல்கிறேன். உங்கள் எழுத்தே துள்ளுகிறது. ஆறு வருஷமாக உங்கள் கடிதங்களை வாசித்தவள் நான். எந்த வரி சந்தோஷத்தில் எழுதியது, எந்த வரி சமாளிப்பு என்று எனக்குத் தெரியும். ஹார்பரில் ஸ்டார்ட் செய்தது சந்தோஷம். "பைய வந்தோம்" சமாளிப்பு.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் பேங்க் திறக்கும்போது பூட்டு சில்லென்று இருக்கிறது. மேனேஜர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை நம்பாமல், "மேனேஜர் எங்கே?" என்று என்னிடமே கேட்கிறார்கள். தினமும் ஒருவராவது. நான் எழுந்து நின்று, "வாங்க, உட்காருங்க" என்று இந்தியில் சொல்வதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

அப்பாவின் ஃபியட்டைக் கேலி செய்திருக்கிறீர்கள். அதில்தான் நான் ஓட்டப் பழகினேன். சேரன்மகாதேவி தாண்டிப் பாபநாசம் போகிற ரோட்டில், ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். மூன்றாம் கியரில் மிதித்தால் அது முழு மூச்சையும் கட்டி ஓடும். வேகம் என்னவோ ஐம்பதுதான். ஆனால் வண்டி தன்னால் முடிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டது என்று ஸ்டியரிங்கில் கை வைத்தால் தெரியும். வளைவுக்கு வளைவு நான் கத்துவேன். அப்பாவும் கத்துவார். அதற்கு மேல் ஒரு சந்தோஷம் ரோட்டில் இருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

உங்கள் முந்நூறு குதிரையில் வண்ணார்பேட்டையில் எத்தனை குதிரைக்கு வேலை இருக்கிறது? மற்றதெல்லாம் என்ன செய்யும், லாயத்தில் நின்று கால் உதைக்குமா? ஊருக்கு வந்த பிறகு நாலாம் கியர் போட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. காரை வாங்கும் முன்பு நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கார் கப்பல் ஏறிய பிறகுதான் நீங்கள் வாங்கியதே எனக்குத் தெரியும்.

உங்கள்
விஜயஸ்ரீ


பாளையங்கோட்டை
2.12.1997

விஜிக்கு,

நாலாம் கியர் போட்டேன். ரெட்டியார்பட்டி மலை தாண்டி நாகர்கோவில் ரோட்டுல. போட்டதும் ஒரு ஆட்டு மந்தை. திரும்ப ரெண்டு.

நீ பெரிய வக்கீல் மாதிரி கேள்வி கேக்க. ரோட்டுக்கு ஏத்த காரா, காருக்கு ஏத்த ரோடான்னு யோசிச்சா மனுசன் ஒண்ணும் வாங்க முடியாது. ஒரு வண்டிக்குள்ள இவ்வளவு சக்தி இருக்குன்னு தெரிஞ்சு பைய ஓட்டுததே ஒரு சொகம். அது உனக்குப் புரியாது.

ஆனா இங்கன உள்ளவன் வைக்க ஸ்பீடு பிரேக்கர் இருக்கே! ஊருக்கு ஊரு ஒரு மேடு. வண்டி தரையோட தரையாக் கெடக்கா, நேரா ஏறினா வயிறு தட்டும். குறுக்கக் கொண்டு போய், ஒவ்வொரு சக்கரமா ஏத்தி எறக்கணும். நம்ம தெருமுக்குல உள்ள மேட்டுக்கு ரெண்டு பலகை வாங்கி வச்சிருக்கேன். நான் வாரதப் பாத்ததும் டீக்கடையில இருந்து ஆளு எந்திரிச்சு வந்து பலகையப் போடுதாங்க. "தவக்களை வருது, பலகை எடு"ன்னு கூப்பாடு. மரியாதைதான்.

போன வாரம் ஸ்ரீவைகுண்டம் போய் அத்தையக் காட்டிட்டு வந்தேன். அவுக காருக்குள்ள உக்காந்துட்டாக. எந்திரிக்கத்தான் முடியல. "குழிக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு மாப்பிள்ளை"ன்னாக. நானும் இசக்கியப்பனும் ஆளுக்கொரு கையப் பிடிச்சுத் தூக்கினோம். ஆனா அணைக்கட்டு வரைக்கும் ஒரு சுத்து போனதுல அவுகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாழைத்தார் ஒண்ணு ஏத்தி விட்டாக. வர்ற வழியில கொஞ்சம் சகதி. வேற ஒண்ணும் இல்ல.

இவ்வளவு பெரிய காரை வச்சுக்கிட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட பக்கத்துல வச்சு ஓட்டுதேன் விஜி. வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துரேன். நான் சம்பாதிச்சது ரெண்டு பேருக்கும் போதும். நாம சேந்து இருக்கத்தானே எல்லாம்?

குமரன்


நாக்பூர்
20.12.1997

அத்தானுக்கு,

"வர்ற வழியில கொஞ்சம் சகதி."

அம்மாவின் கடிதம் முந்தாநாள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் தாண்டி வரும் வளைவில் வாழைத்தார் லாரிக்குப் பின்னால் நீங்கள் போயிருக்கிறீர்கள். இசக்கியப்பன் அண்ணன் வெளியே தலையை நீட்டி, ரோட்டில் நின்ற எருமைக்காரனைப் பார்த்து, "போ லே!" என்று கத்தியிருக்கிறார். அதை உங்களுக்குச் சொன்னதாக நினைத்து நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறீர்கள். எதிரே பஸ். கார் வாழைத்தோட்டத்துக்குள் போய் நின்றிருக்கிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற நூகு அண்ணாச்சி, சாய்ந்த வாழைக்கு ஈடாக எதுவும் வேண்டாம், ஆற்றுப்பாலம் வரை ஒரு தடவை ஏற்றிப் போனால் போதும் என்று சொல்லித் தலைப்பாகையோடு ஏறி உட்கார்ந்தாராம். அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தீர்களாம். அந்த ஊரே பார்த்திருக்கிறது. எனக்கு மட்டும் சகதி.

படிக்கும்போது சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். எருமைக்காரன் வரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், கேஷியர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்த பிறகுதான் அந்த பஸ் கண் முன்னால் வந்தது. அதன் பிறகு அன்று முழுவதும் ஒரு கையெழுத்தும் ஒழுங்காக வரவில்லை.

ஃபியட்டாக இருந்தால் நீங்கள் மிதித்திருந்தாலும் அது யோசித்து யோசித்துத்தான் நகர்ந்திருக்கும். அதற்குள் பஸ் போயிருக்கும். உங்கள் கார் யோசிக்காது.

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறீர்கள். எதற்கு? வலது பக்கம் உட்கார்ந்து லாரி வருகிறதா என்று பார்க்கவா? பதினோரு வருஷம் கவுண்டரில் நின்று இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறேன். அந்தக் காரை விற்றுவிட்டு நீங்கள் இங்கே வாருங்கள் என்று நான் சொன்னால் எப்படி இருக்கும்? இப்போது சொல்கிறேன். விற்றுவிட்டு வாருங்கள்.

விஜயஸ்ரீ


பாளையங்கோட்டை
25.1.1998

அன்புள்ள விஜிக்கு,

பொங்கலுக்குக்கூட நான் எழுதல. கோவம்தான். நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லாததுனால வந்த கோவம். நீ அனுப்பின பொங்கல் வாழ்த்து அட்டைய ரேடியோ மேல வச்சிருக்கேன். தெனமும் அது என்னை மொறைக்குது.

போன வாரம் திருச்செந்தூர் ரோட்டுல போனேன், தனியா. பொழுது விடிஞ்சதும் ரோடு காலியா இருக்கும், ஒரு தடவையாவது ஆசை தீர ஓட்டிப் பாத்துருவோம்னு போனேன். தை மாசம் மாலை போட்டு நடந்து போறவங்க ரோட்டடைக்கப் பச்சை வேட்டியும் காவடியுமாப் போறாங்க. முதல் கியர்ல அவங்க பின்னாலயே போனேன். எஞ்சின் சூடு ஏறி, கிளட்ச் தீஞ்ச வாடை. ஒரு அம்மா திரும்பிப் பாத்துட்டு, "பாவம், நம்ம கூடயே நடக்கான் பாரு"ன்னு சொல்லி எனக்கு ஒரு தம்ளர் பானகம் குடுத்தாக. ஜன்னல் வழியா வாங்கிக் குடிச்சேன். அந்தப் பானகம்தான் அன்னைக்கு நல்லா இருந்தது.

திரும்பி வந்து காரை மூடிப் போட்டுட்டேன். மறுநாள் இசக்கியப்பனோட பழைய லாம்பிரட்டா ஸ்கூட்டர எரவல் வாங்கிட்டு எங்கயோ போவோம்னு கெளம்பினேன். சேரன்மகாதேவி தாண்டினதும்தான் எங்க போறேன்னு எனக்கே தெரிஞ்சுது. நீ எழுதினியே, அந்தப் பாபநாசம் ரோடு. ஆத்துல தண்ணி கரை முட்ட ஓடுது. நெல்லு கதிர் விட்டுருக்கு. முழுத் திருகு திருகினேன் விஜி. சவம், அதுக்கு உள்ளது அம்பதுதான். அந்த அம்பதையும் குடுத்துது. வளைவுல சாஞ்சு எந்திரிக்கும்போது கண்ணுல தண்ணி கொட்டுது, வாய் விட்டுச் சிரிக்கேன், எதிர்ல வந்த சைக்கிள்காரன், "கோட்டிக்காரப் பய"ன்னு சொல்லிட்டுப் போறான். பஹ்ரைன்ல இருந்து வந்த பொறவு நான் அப்படிச் சிரிச்சதே இல்ல.

அருவிக்குப் பக்கத்துல பாறையில உக்காந்து யோசிச்சேன். கார் தப்பான கார் இல்ல. அத மாதிரி ஒண்ண இன்னொருத்தன் செஞ்சிர முடியாது. ரோடும் தப்பில்ல. வைக்கோல் காயப் போட, ஆடு போக, முருகனப் பாக்க நடக்க, எல்லாத்துக்கும் உள்ள ரோடு அது, எனக்கு மட்டுமா? அப்போ அங்கன கேம்புல ராத்திரி பூரா நான் கண்ட கனவு எதுக்குள்ளது? தலைக்குள்ள சுத்தி வந்தது இந்தக் கார்தான்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா, கனவுல எப்பவும் பக்கத்துல நீ உக்காந்து பேசிக்கிட்டு வருவ. கார் எந்த நிறம்னுகூட சில நாள் ஞாபகம் இருக்காது.

மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளு வந்து காரைப் பாத்துட்டுப் போயிருக்கான். கேக்கான். வித்துரட்டுமா? உன்னைக் கேக்காம இனிமே ஒண்ணும் செய்யப் போறதில்ல. அதான் எழுதுதேன். நீ என்ன சொல்லுதியோ அப்படிச் செய்யுதேன்.

உன்
குமரன்


நாக்பூர்
4.2.1998

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பானகம் கொடுத்த அம்மாவுக்கு முருகன் நல்ல நடையைக் கொடுக்கட்டும்.

விற்க வேண்டாம்.

நான்தான் விற்கச் சொன்னேன். இப்போது நானேதான் வேண்டாம் என்கிறேன். நீங்கள் கேட்டதால் வந்த மாற்றம். "வித்துரட்டுமா?" என்று நீங்கள் கேட்டதும் எனக்குள் எதுவோ இளகிவிட்டது. பிரமோஷன் வந்தபோது நான் உங்களிடம் கேட்காமல் சரி என்று எழுதிக் கொடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். கேட்டால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். நீங்கள் காரைப் பற்றிச் சொல்லாததற்கும் அதே பயம்தான் என்று இப்போது படுகிறது. ஆறு வருஷம் கடிதத்திலேயே குடித்தனம் நடத்தியவர்களுக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. சொல்லித்தான் பழக்கம்.

போன திங்கட்கிழமை ஒன்று நடந்தது. பேங்குக்கு எதிரே வார்தா ரோடு. சாலையைக் கடக்க நிற்கிறேன், டி.என். 72 என்று நம்பர் போட்ட லாரி ஒன்று வந்து நிற்கிறது! திருநெல்வேலி வண்டி. என் கை தானாக உயர்ந்துவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்து, "அக்கா நமக்கு எந்த ஊரு?" என்றார். பாளையங்கோட்டை என்றேன். அவர் கல்லிடைக்குறிச்சியாம். "அக்கா, வழி ஒண்ணும் கேக்காண்டாம். வண்ணார்பேட்டையில ஏறினா இதே ரோடுதான். ஏழாம் நம்பர் நேஷனல் ஹைவே. எந்தப் பக்கமும் ஒடிக்காம வந்தா உங்க ஆபீஸ் வாசல்லதான் வந்து நிக்கும்" என்றார். அப்பளக் கட்டு ஒன்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த இடத்திலேயே நின்று தெற்கே பார்த்தேன். எத்தனை மாதமாக இந்த ரோட்டைத் தாண்டுகிறேன், இது நம் வீட்டுப் பக்கத்து ரோடு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு தடவை ஆடிட்டுக்காக ஆதிலாபாத் வரை பஸ்ஸில் போனேன். கரிசல் காடு, பருத்தி, தேக்கு. ரோடு நூல் பிடித்த மாதிரி கிடக்கிறது. அரை மணிக்கு ஒரு வண்டி எதிரே வந்தால் அதிகம். உங்கள் குதிரைகளுக்கு அங்கே வேலை இருக்கலாம். எனக்கு நிச்சயமில்லை. ஃபியட்டை நான் விட்டுக் கொடுக்கவும் இல்லை. ஆனால் நீங்கள் இந்த நாட்டில் ஒரு தடவைகூட அந்தக் காரை ஒழுங்காக ஓட்டிப் பார்க்காமல் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓட்டிக்கொண்டு வாருங்கள். ஏழாம் நம்பர் ரோடு. ஒடிக்காமல் வாருங்கள்.

இசக்கியப்பன் அண்ணன் வந்தால் அவரிடம் "போ" என்ற வார்த்தையே கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் விஜி


ஆதிலாபாத்
3.3.1998

விஜி,

இந்த லெட்டர உன் கையில குடுக்கவர் பேரு ஜெபசீலன். சொந்த ஊரு மேலப்பாளையம் பக்கம். டி.என். 72 லாரி. ரோட்டோரம் நின்னு நம்பரப் பாத்து மறிச்சேன். அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் குடு. அவரு இன்னைக்கு சாயங்காலம் நாக்பூர் வந்துருவாரு. நான் இன்னைக்கு வர மாட்டேன். டயர் கிழிஞ்சுட்டு. இந்த அளவு டயர் இந்த ஊருல எவன் கண்டான்? ஒரு பாய் கடையில ஒட்டுப் போட்டு வேக வைக்காரு, ரெண்டு நாள் ஆகும்ங்காரு. முந்நூறு குதிரை மரத்தடியில நிக்கி, வெங்காய லாரி முந்திப் போகுது. சிரிக்காதே. சரி, சிரி.

நடந்ததச் சொல்லுதேன். கங்கைகொண்டான் தாண்டுத வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. இவ்வளவு தூரம் இந்த வண்டியில எவனாவது போவானான்னு. இசக்கியப்பன் "பச்சை"ன்னா போகலாம், "செவப்பு"ன்னா போகக் கூடாது. அவ்வளவுதான் பாஷை. மதுரை வரைக்கும் செவப்பு செவப்புன்னே அவன் தொண்டை கட்டிட்டு. பெங்களூர்ல அவன் தங்கச்சி வீட்டுல எறங்கிட்டான். எறங்கும்போது காரைத் தட்டிக் குடுத்து, "வாரேன் தவக்களை"ன்னான். கண்ணு கலங்கிட்டான் விஜி.

அதுக்குப் பொறவு வலது பக்கம் ஆளில்ல. எப்படி முந்துதது? பெனுகொண்டா தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால ரொம்ப நேரமா முக்கிக்கிட்டு இருந்தேன். நான் உக்காந்திருக்கது இடது பக்கமா, லாரிக் கிளீனரும் இடது பக்கமா, எட்டிப் பாத்த ரெண்டு பேருக்கும் நேருக்கு நேரா முகம் தெரிஞ்சுட்டு. என் ஸ்டியரிங்கப் பாத்ததும் அந்த ஆளுக்கு விசயம் புரிஞ்சுட்டு. கைய நீட்டி நிறுத்தினாரு. பஸ் போச்சு. வான்னு கையாட்டினாரு. போனேன். அதுக்குப் பொறவு எல்லா லாரியிலயும் அப்படித்தான். தெலுங்கு, கன்னடம், பஞ்சாபி, எல்லாக் கையும் ஒரே மாதிரிதான் ஆட்டுது.

குத்தின்னு ஒரு ஊரு, அதைத் தாண்டி ஒரு எடத்துல ரோடு காலி. கண்ணுக்கெட்டின வரைக்கும் மனுசன் இல்ல, மாடு இல்ல. நாலு போட்டேன். அஞ்சு போட்டேன். அந்தச் சத்தம் மாறிச்சு பாரு, அதுவரைக்கும் தொண்டையச் செருமிக்கிட்டு இருந்தவன் பாட ஆரம்பிச்ச மாதிரி. ஸ்டியரிங் கையில உயிரோட துடிக்கி. ரோடு என்னைப் பாத்து ஓடி வருது. கத்தினேன். கத்திட்டு உன்கிட்ட சொல்லணும்னு வலது பக்கம் திரும்பினா தூக்குச் சட்டி உக்காந்திருக்கு, சீட் பெல்ட் போட்டுக்கிட்டு.

சந்தோசமா இருந்ததா? இருந்தது. சத்தியமா இருந்தது. ஆனா அந்தத் தூக்குச் சட்டியப் பாத்ததும் பாதி எறங்கிட்டு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலத் தூக்கிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல உள்ள லாட்ஜ்ல இருக்கேன். நாளை மறுநாள் வந்துருவேன்.

குமரன்


நாக்பூர்
6.3.1998
வெள்ளிக்கிழமை காலை

பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் அத்தானுக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டவில்லை. காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். எழுப்ப மனசில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்கள். ஆறு வருஷத்தில் இதைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதவே இல்லையே?

நேற்று காரில் நிறையப் பேசினோம். ஆனாலும் நான் எழுத்தில்தான் ஒழுங்காகப் பேசுவேன். அதனால் இது.

புதன்கிழமை காலை ஜெபசீலன் அண்ணன் கடிதத்தை நீட்டியபோது கவுண்டரில் கூட்டம். வாசித்ததும் தூக்குச் சட்டியில் வந்து நின்றுவிட்டேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆதிலாபாத்தில் டயர் கடை வாசலில் நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து, அந்தப் பாயிடம் அபிநயம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். எந்த மொழியில் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "டயர் ஆயிட்டு" என்றீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் அதுதான் மிக அழகானது.

நேற்றைய பயணத்தில் வலது பக்கம் உட்கார நான் நல்ல ஆள் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். பச்சை, சிவப்பு எல்லாம் மறந்துபோய், "இருங்க இருங்க, இப்போ, இல்ல இல்ல, ஐயோ, சரி!" என்று சொன்னால் எந்த மனிதன் ஓட்ட முடியும்? நீங்கள் கோபப்படவே இல்லை. பாண்டர்கவடா தாண்டியதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. லாரி முதுகைத் தாண்டி அந்த நீள ரோட்டை முதலில் நான் பார்க்கிறேன், நான் சொன்ன பிறகுதான் உங்களுக்கு அது கிடைக்கிறது. அது ஒரு அதிகாரம். மேனேஜர் நாற்காலியில்கூட இல்லை.

பிறகு அந்தப் புரச மரங்கள். இலையே இல்லாமல் ரோட்டின் இரண்டு பக்கமும் நெருப்பாகப் பூத்திருந்தன. நீங்கள் ஓரமாக நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தீர்கள். பூப் பறிக்கத்தான் இறங்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். சாவியை நீட்டினீர்கள்.

"எனக்கு ஃபியட்தான் தெரியும்" என்றேன்.

"ஃபியட்டுன்னு நெனச்சு ஓட்டு" என்றீர்கள்.

அது ஃபியட் இல்லை. காலை வைத்ததும் முதுகில் யாரோ அறைந்த மாதிரி சீட்டோடு ஒட்டிக்கொண்டேன். வயிறு மட்டும் பின்னாலேயே ரோட்டில் நின்றுவிட்டது. நீங்கள் வலது பக்கம் உட்கார்ந்து, "பச்சை, பச்சை, பச்சை" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். எதிரே ஒன்றுமே இல்லாத ரோட்டுக்கு எத்தனை பச்சை! நான் மூன்றாம் கியரிலிருந்து நாலுக்குப் போனபோது கத்தினேன். நீங்களும் கத்தினீர்கள்.

அதனால் நம் வழக்குக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து இங்கே வரும் ரோட்டில் உங்கள் காரின் முழுச் சக்திக்கும் இடம் கிடைத்தது நாலைந்து இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் அது கட்டிப் போட்ட குதிரைதான், ஃபியட்டே மேல். அதில் நான் சொன்னதே சரி. ஆனால் அந்த நாலைந்து இடம் இருக்கிறதே, அது ஃபியட்டுக்கு இந்த ஜன்மத்தில் கிடைக்காது. அதில் நீங்கள் சொன்னது சரி. ஆதிலாபாத்திலிருந்து ஏறிய நான் நாக்பூரில் வேறு ஆளாக இறங்கினேன். ராத்திரி படுத்தும் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

இங்கே பக்கத்தில் மின் நிலையத்தில், பஹ்ரைனில் நீங்கள் பார்த்த மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் விசாரிக்கவில்லை. உங்களைக் கேட்காமல் விசாரிக்க மாட்டேன். விசாரிக்கட்டுமா? இல்லை, மூன்று வருஷம் முடிந்ததும் நான் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்கிறேன், அதுவரை வந்து போய் இருப்போம் என்றாலும் சரி. சாயங்காலம் பேசுவோம். எதிரெதிரே உட்கார்ந்து, சண்டை போட்டாலும் பரவாயில்லை.

உப்புமா அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். வெந்நீர் வைத்துக் குளியுங்கள், களைப்புத் தீரும்.

எழுந்ததும் ஜன்னல் வழியாக வாசலைப் பார்ப்பீர்கள். பதறாதீர்கள். காரை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்வேன் என்று இப்போதுதான் எழுதினேன், ஆனால் சாவி மேஜை மேலேயே கிடந்தது, நீங்களோ நல்ல தூக்கம், பேங்க் வேறு கூப்பிடு தூரம்தான்.

கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகிறேன்.

விஜி